வளைந்த ஜாக்கி

எங்கள் வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் கம்பியின் ஒரு முனையை வேப்பமரத்தில் கட்டியிருக்கிறேன். மறு முனைக்கு நட்டிருப்பது பாரம் தூக்குகிற ஒரு ஜாக்கி. கிட்டத்தட்ட ஆள் உயரம், நடுவில் ஒரு வளைவு. வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்து, "இது ரிக்கு வண்டி சாமானுங்களா?" என்று கேட்கிறார்கள். திருச்செங்கோட்டைச் சுற்றி எந்த இரும்பைக் கண்டாலும் ரிக்கு வண்டி சாமான்தான். இல்லை என்று சொன்னால் கதை முழுவதையும் சொல்ல வேண்டும், நடுவில் அவர்கள் எனக்குப் புத்தியும் சொல்வார்கள். அதனால் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டுத் துணியைப் பிழிவேன். எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை. குறுக்கே பேச ஆள் கிடையாது.

என் வீட்டுக்காரர் இருபத்து நான்கு வருடம் ரிக்கு வண்டியில் இருந்தார். போர் போடுகிற லாரி அது. முதலில் பைப் மாட்டும் ஆளாகப் போனார், பிறகு டிரில்லர் ஆனார். வடக்கே போனால் திரும்ப ஏழெட்டு மாதம் ஆகும். அங்கே மழை பிடித்து வேலை நின்றால்தான் வீட்டு ஞாபகம் வரும். கலியாணமான புதிதில் பக்கத்து வீட்டுக்குப் போன் வரும், பிறகு எங்கள் வீட்டுக்கே வந்தது, பிறகு கையில் ஒன்று வந்தது. "நாக்பூர்ல இருக்கேன் புள்ள." "ராய்ப்பூர் தாண்டிட்டோம்." மணி அடித்தால் கை கழுவாமல் ஓடுவேன். பாதி கறந்த பாலை மாட்டுக்குக் கீழேயே வைத்துவிட்டு ஓடியிருக்கிறேன். அத்தனை வருடத்தில் அவர் கூப்பிட்டு நான் எடுக்காத போன் ஒன்றுகூட இல்லை.

மற்றதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டேன். கிணற்று மோட்டார் புகைந்தால் நான்தான் கழற்றி வண்டியில் போட்டுக் கொண்டுபோவேன். மாடு ஈனும்போது கன்று குறுக்கே நின்றால் நான்தான் கை விட்டுத் திருப்புவேன். மகளைப் படிக்கவைத்ததும், ராசிபுரத்தில் மாப்பிள்ளை பார்த்ததும், பந்தல்காரனோடு சண்டை போட்டதும் நான்தான். அவர் கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்பு வந்து, வாசலில் நின்று வந்தவர்களைக் கும்பிட்டார். அதற்காக அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அங்கே அவர் வெயிலில் வெந்துகொண்டுதான் இருந்தார். எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. ஒவ்வொரு முறை வந்தபோதும் அதை அவரே கிளப்பிவிட்டுப் போனார்.

"ஒருக்கா உன்னயக் கூட்டிட்டுப் போறேன் புள்ள. நர்மதை ஆத்தப் பார்க்கோணும் நீ. நம்ம காவேரியெல்லாம் அதுக்குப் பக்கத்துல நிக்காது."

"எப்பங்க?"

"பார்க்கலாம், பார்க்கலாம்."

பார்க்கலாம் பார்க்கலாம் என்று இருபத்து நான்கு வருடம் போயிற்று. பிறகு முதுகு வலி வந்து, வேலையை விட்டு ஒரேயடியாக வீட்டுக்கு வந்தார். வந்த வருடமே ஒரு பழைய பிக்கப் வாங்கினார். போனில் வெளிநாட்டுக்காரர்களின் வீடியோ பார்ப்பது அவருக்குப் பழக்கம். அவர்கள் பிக்கப்பின் முதுகில் ஒரு சின்ன அறையை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள். அதையே நாமக்கல்லில் ஒரு பாடி கட்டும் பட்டறையில் சொல்லிச் செய்துவிட்டார். இரண்டு பேர் படுக்க ஒரு கட்டில், ஒற்றை அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, ஜன்னலுக்கு வலை. வேண்டும்போது பிக்கப்பில் ஏற்றிக்கொள்ளலாம். வேண்டாதபோது கீழே இறக்கி வைத்துவிட்டு மரவள்ளிக்கிழங்கு பாரம் அடிக்கலாம். ஏற்றி இறக்கத்தான் கேபினின் நாலு மூலையிலும் நாலு ஜாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கைப்பிடி.

அதைப் பார்த்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சலாக இருக்கிறது.

ஜாக்கிகளைப் பொருத்தியவர் சேலத்துக்கார பாய் ஒருவர். நரைத்த தாடி, நிதானமான பேச்சு. கேபினை எடுக்கப் போன அன்று, ஏற்றுவது இறக்குவது எல்லாம் எப்படி என்று எங்களுக்கு ஒருமுறை செய்து காட்டினார். என் வீட்டுக்காரர் பக்கத்து லாரியின் ஆக்சில் பற்றி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். பாய் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கைப்பிடியை என் கையில் கொடுத்தார்.

"நீங்களாவது கேட்டுக்குங்கம்மா. முதல்ல பிக்கப்போட இழுத்துக் கட்டியிருக்கிற நாலு செயினையும் கழட்டணும், லைட்டு ஒயரையும் பிடுங்கணும். அதை மறந்துட்டுத் தூக்கினா வண்டியும் சேர்ந்து வரும். ஜாக்கி நிக்கிற இடம் சமமா, கெட்டியா இருக்கணும். எப்படி இருந்தாலும் கீழ பலகை போடுங்க. ஒரு மூலைக்கு நாலு சுத்து, அடுத்த மூலைக்கு நாலு சுத்து, இப்படியே சுத்தி வாங்க. ஒரே மூலையை ஏத்தினீங்கன்னா பாரம் முழுக்க ரெண்டு கால்ல போய் உட்கார்ந்துக்கும். முன்பக்கம் ஒரு விரக்கடை உசரமாவே இருக்கட்டும். உள்ள ஆள் கூடாது, அடியில தலையே நீட்டக் கூடாது. வண்டி பின்னால வரும்போது ஓட்டறவர் கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒரு ஆள் நின்னு பார்க்கணும். ரெண்டு பக்கமும் நாலு விரல்தான் இடைவெளி."

"அவ்வளவுதானுங்களா பாய்?"

"முக்கியமானது இனிமேதான் இருக்கு. வண்டி வெளிய போனதும் கேபினைக் கீழ இறக்கிடணும். முட்டிக்கும் கீழ இறக்கி, அடியில ஹாலோபிளாக் கல்லு குடுத்து உட்கார வெச்சுடணும். இந்தக் கால் தூக்கறதுக்குத்தான், நிக்கறதுக்கு இல்ல. மேலிருந்து எவ்வளவு பாரம்னாலும் தாங்கும். பக்கத்துல இருந்து ஒரு இடி தாங்காது."

நான் பட்டறையிலேயே மூன்று சுற்று வந்து பழகினேன். பாய் தலையாட்டினார். என் வீட்டுக்காரர் போனை வைத்துவிட்டு வந்து, "என்ன, டிரெய்னிங் முடிஞ்சுதா?" என்று சிரித்தார்.

அவர் சிரித்ததற்குக் காரணம் இருக்கிறது. ரிக்குக்காரர்களுக்கு ஜாக்கி என்றால் வேறு. ரிக்கு லாரியை ஆயில் ஜாக்கியில் தூக்கி, சக்கரம் அந்தரத்தில் தொங்க, பகல் முழுவதும் பாறையைக் குடைவார்கள். பூமி அதிரும். ஜாக்கி அசையாது. நாலு லிவர், ஒரே ஆள், ஒரு கை. அப்படி இருபத்து நான்கு வருடம் ஜாக்கியின்மேல் வாழ்ந்த மனிதரிடம் பலகை போடு, நாலு சுற்று சுற்று என்றால் அவருக்குச் சின்னப் பிள்ளை விளையாட்டாகத் தெரிகிறது. எங்கள் பக்கத்து ஆம்பளைகளுக்கே உரிய கோளாறு இது. ஊர் முழுக்க இரண்டு வீட்டுக்கு ஒருவர் இப்படித்தான்.

வீட்டுக்கு வந்ததும் பழைய ரிக்குக் கூட்டாளிகள் மூன்று பேர் வந்துவிட்டார்கள். இவரோடு நாலு பேர். மூலைக்கு ஒருவராக நின்று, யார் முதலில் ஏற்றுகிறார் என்று போட்டி போட்டுக்கொண்டு சுற்றினார்கள். கேபின் ஒரு பக்கம் சாய்ந்தது.

"ஏனுங்க, நிறுத்துங்க! நாலு நாலு சுத்தா வரிசையாப் போகோணும்னு பாய் சொன்னாருங்க!" என்றேன்.

"அட, ஊட்டுக்காரம்மா எப்ப நம்ம கம்பெனில சேந்தாங்க?" என்றார் ஒரு கூட்டாளி. நாலு பேரும் சிரித்தார்கள். சாய்ந்ததைச் சரிசெய்துவிட்டு, பிக்கப்பை வெளியே எடுத்துவிட்டு, கேபினை அந்த உயரத்திலேயே விட்டுவிட்டு டீ குடிக்க வந்துவிட்டார்கள். பலகையும் இல்லை, கல்லும் இல்லை.

"கீழ எறக்கி வெச்சுருங்க."

"எதுக்கு? நாளைக்கு மறுபடி ஏத்தறதுக்கா? வண்டி பின்னால வந்தா நேரா நுழைஞ்சுக்கும். சும்மா இரு புள்ள."

"மழை பேஞ்சா செம்மண்ணு இளகுமுங்க. பலகையாவது வைங்க."

அதற்கு அவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "ஆயிரம் அடிக்குக் கீழ என்ன பாறைன்னு சொல்றவன் நானு. எனக்கு மேல் மண்ணப் பத்திச் சொல்றியா நீ?" கூட்டாளிகள் முன்னால் சொன்னார். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஆடியில் இருந்து அது அப்படியே நாலு காலில் நின்றது. ஆயுத பூஜைக்கு நாலு ஜாக்கிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, முன்னங்கால் இரண்டிலும் வாழைக்கன்று கட்டினார். ஒரம்பரை வந்தார்கள். வந்த சொந்தக்காரர்களை எல்லாம் ஏணி வைத்து மேலே ஏற்றி, கேபினுக்குள் உட்காரவைத்துப் பொரியும் சுண்டலும் கொடுத்தார். ஆறு பேர் உள்ளே. ஆறு பேரும் அசைந்தால் கேபினும் அசைந்தது. "தூளி மாதிரி ஆடுது பாருங்க!" என்று அவருக்குச் சிரிப்பு. நான் சுண்டல் தட்டைக் கீழிருந்தே நீட்டிக்கொண்டு, "எறங்குங்க, எறங்கிச் சாப்பிடலாம், உள்ள புழுக்கமா இருக்கும்" என்று ஒவ்வொருவராக இறக்கினேன். ஒருவரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் அவர் முகம் என்னாவது?

அதற்குப் பிறகு ஒரு நாள் மத்தியானம் அவர் கிழங்கு ஏற்றச் சேந்தமங்கலம் பக்கம் போயிருந்தார். நான் கைப்பிடியை எடுத்துக்கொண்டு போனேன். பழைய கதவை அறுத்து வைத்திருந்த நாலு புளியம்பலகையையும் எடுத்துக்கொண்டேன். முதலில் ஒவ்வொரு காலாக ஒரு துளி மேலே தூக்கிப் பலகையைத் தள்ளினேன். பிறகு இறக்க ஆரம்பித்தேன். பின்பக்கத்து மூலைக்கு நாலு சுற்று, அடுத்ததற்கு நாலு, முன்பக்கத்துக்கு நாலு. எத்தனை முறை சுற்றி வந்தேன் என்று கணக்கு வைக்கவில்லை. உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. மோட்டார் ஓடுகிற நேரம், யாருக்கும் எதுவும் கேட்காது. நான் சத்தமாகவே எண்ணிக்கொண்டேன். பொழுதோடு கேபின் முட்டிக்குக் கீழே வந்து, நான் அடுக்கிய கற்கள்மேல் அசையாமல் உட்கார்ந்தது. தட்டிப் பார்த்தேன். தரையோடு தரையாக நின்றது. இத்தனை வயதில் இவ்வளவு சந்தோஷமாக ஒரு வேலையை நான் செய்ததில்லை.

அவர் வந்தார். பிக்கப்பிலிருந்து இறங்காமலேயே பார்த்தார். "யாரு எறக்குனது?"

"நாந்தானுங்க."

"ஒத்தையிலயா?"

"ஆமாங்க."

இறங்கி வந்து நாலு மூலையையும் சுற்றிப் பார்த்தார். பலகையைக் காலால் தட்டினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அது நல்ல வார்த்தைதான், அவர் முகத்தை எனக்குத் தெரியாதா? அந்த நேரம் பார்த்துக் கூட்டாளி ஒருவர் பைக்கில் வந்து நின்றார். "என்ன மாப்ள, டிரில்லரு வெச்சத ஊட்டுக்காரம்மா எறக்கிட்டாங்களாட்ட!" என்றார். அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டார். இரண்டு பேருமாக அரை மணி நேரத்தில் அதைப் பழைய உயரத்துக்கே ஏற்றிவிட்டார்கள். பலகையை உருவி வேலியோரம் வீசினார்கள். கட்டாந்தரைக்குப் பலகை எதற்காம்.

அன்றைக்கு நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. தீபாவளி கழிந்த புதன்கிழமை கிளம்புவதாக நாள் குறித்தாகிவிட்டது. சண்டை போட்டு, கோபத்தில் அவர் வரமாட்டேன் என்றுவிட்டால்? அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். நர்மதைக்காக மூடிக்கொண்டேன்.

தீபாவளிக்கு மறுநாள் பிடித்த மழை இரண்டு நாள் விடவில்லை. புதன்கிழமை காலையில் வானம் வெளுத்தது. வாசல் முழுக்கச் சேறு. கேபினின் பின்னங்கால் ஒன்று நாலு விரல் இறங்கியிருந்தது. சாமான் எல்லாம் முந்தின வாரமே உள்ளே வைத்தாகிவிட்டது. ஐந்து புடவை, அரிசி, பருப்பு, ஒரு ஜாடி மாங்காய் ஊறுகாய், மகள் கொடுத்த கம்பளி. கட்டுசோறு மட்டும் பாக்கி. ஏணியில் ஏறி அதை வைத்துவிட்டு இறங்கினேன்.

"ஏனுங்க, ஒரு கால் எறங்கியிருக்குது. பலகை வெச்சு மட்டம் பண்ணிட்டுப் பொறவு ஏத்தலாமுங்க. இல்லீன்னா மண்ணு காயட்டும், நாளைக்குப் போலாம்."

"பத்தேகாலோட நல்ல நேரம் முடியுது. பொறப்படற நேரத்துல அபசகுனமாப் பேசாத."

"அப்பன்னா நான் பக்கத்துல நின்னு பார்க்கறேன், கண்ணாடில என்னயப் பார்த்துட்டே வாங்க."

"நீ தள்ளி நில்லு. அது போதும்."

டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று. பிக்கப் பின்னால் வந்தது. முதலில் நேராகத்தான் வந்தது. முன்னங்கால் இரண்டுக்கும் நடுவில் பாதி நுழைந்தபோது பின்டயர் சேற்றில் வழுக்கியது. வண்டியின் பின்பக்கம் இடது பக்கமாக நகர்ந்தது. நாலு விரல் இடைவெளி மூன்றானது, இரண்டானது. "நில்லுங்க! நில்லுங்க!" என்று கத்தினேன். அவருக்குக் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, பேசாதே என்பதுபோல் ஆட்டினார். ஆட்டிவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தார்.

இரும்பு வளைகிற சத்தம் ஒன்றும் பெரிதாக இருக்காது. ஒரு முனகல், அவ்வளவுதான். ஜாக்கி நடுவில் மடங்கியது. கேபின் கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல் சாய்ந்தபடி நின்றது. பிறகு பக்கவாட்டில் அப்படியே சேற்றில் விழுந்தது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஐந்து நிமிடம் முன்னால் நான் உள்ளே இருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கதவிடுக்கிலிருந்து ஊறுகாய் எண்ணெய் வழிந்து சேற்றில் கலந்தது. என் புடவைகள் அதில் ஊறின. அவர் இறங்கி வந்து அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கத்துனியே புள்ள. அதுலதான் கை தடுமாறிப்போச்சு."

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. அடுத்த பத்து நாள் துக்கம் விசாரிப்பதுபோல் ஆட்கள் வந்தார்கள். எல்லோரிடமும் அதையே சொன்னார். "வண்டி நேராத்தான் போச்சு. பொறப்படற நேரத்துல பின்னால இருந்து ஒரே கத்து. வெளங்குமா?" வந்தவர்கள் என்னைப் பார்த்து "ச்சு" கொட்டினார்கள். ஒரு கிழவர், "போச்சாது உடு சாமி, பொம்பளைங்க பயந்த சுபாவம்" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். நான் அவருக்குக் காப்பி கொடுத்தேன்.

விழுந்து கிடந்த கேபினைப் பார்க்க அவருடைய பழைய ரிக்கு முதலாளியும் வந்தார். வடக்கே வேலை நடக்கும் இடத்தில் ஆட்கள் தார்ப்பாயில் படுக்கிறார்கள், இது நல்ல அறையாக இருக்கிறதே, ரிக்கோடு அனுப்பு என்றார். இவரும் தலையாட்டினார். கிரேன் வைத்துத் தூக்கினார்கள். பட்டறைக்குப் போய்த் தகரத்தைத் தட்டி நிமிர்த்தி, உள்ளே அடுக்குக் கட்டில் போட்டு, மூன்று ஜாக்கியோடு புதிதாக ஒன்று சேர்த்துப் பொருத்தினார்கள். வளைந்தது எங்களுக்கு மிஞ்சியது. தை பிறந்ததும் கேபின் ஒரு சின்ன லாரியில் ஏறி வடக்கே கிளம்பியது. அதை ஏற்றி இறக்கத் தெரிந்த ஆள் வேண்டுமாம். அப்படி ஒரே ஆள் யார்? என் வீட்டுக்காரர்தான்! முதுகு வலி போன இடம் தெரியவில்லை.

கிளம்புகிற அன்று கேட்டேன். "நானும் வாரேனுங்க. நம்ம கேபின்தானே."

"ஆறு ஆம்பளைங்க படுக்கற எடத்துல நீ எங்க புள்ள படுப்ப? அடுத்த வருசம் பார்க்கலாம்."

போன மாதம் ஒரு மத்தியானம் போன் வந்தது. மாட்டுக்குத் தீவனம் கலந்துகொண்டிருந்தேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடினேன்.

"நர்மதைக்குப் பக்கத்துல இருக்கோம் புள்ள. இங்கிருந்து பார்த்தாத் தெரியுது. என்ன தண்ணி, என்ன தண்ணி!"

"அப்படீங்களா."

"இரு, கேபின எறக்கறாங்க." போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அங்கே யாரையோ அதட்டினார். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. "டேய், பலகை எங்கடா? பலகை போடாம ஜாக்கிய வெக்காத! ஒரே மூலைய ஏத்தாத. நாலு நாலு சுத்து, வரிசையாப் போ. முன்னால ஒரு வெரக்கடை உசரமா இருக்கோணும். வண்டி வெளிய போனதும் முட்டிக்குக் கீழ எறக்கிக் கல்லு குடு. அந்தக் காலு தூக்கறதுக்குத்தாண்டா, நிக்கறதுக்கு இல்ல!"

பிறகு என்னிடம் வந்தார். பெருமையாகச் சிரித்தார். "ஒண்ணுந் தெரியாத பசங்க. நான் இல்லீன்னா இந்நேரம் கவுத்திருப்பானுங்க."

ஒரு சொல் விடவில்லை அந்த மனிதர். பட்டறையில் போன் பேசிக்கொண்டிருந்தபோதும் கேட்டிருக்கிறது. டீ டம்ளரோடு கூட்டாளிகள் மத்தியில் சிரித்தபோதும் கேட்டிருக்கிறது. எல்லாம் தெரிந்துதான் பலகையை உருவி வேலியோரம் வீசியிருக்கிறார்.

"இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்ததுங்க உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"இத்தன வருச சர்வீஸ்ல இதுகூடத் தெரியாதா?" என்றார்.

போனை வைத்துவிட்டு மாட்டிடம் வந்தேன். தீவனத்தை மீண்டும் பிசைய ஆரம்பித்தபோது மணி அடித்தது. அவர்தான். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை.